வெங்காயத்தை உரிக்கிறோம், கேரட்டை ஏன் சீவுகிறோம்?

கேள்வி:
நேற்று சாம்பாருக்குச் சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டுப் பத்து வயது மகளைக் கூப்பிட்டேன். "அம்மா, இதைச் சீவணுமா?" என்றாள். "சீவக் கூடாது, உரிக்கணும்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் உருளைக்கிழங்கைப் பச்சையாக இருந்தால் சீவுகிறோம், வேகவைத்துவிட்டால் உரிக்கிறோம். அப்புறம், என் மாமியார் திருநெல்வேலிக்காரர். தோலை அவர் 'தொலி' என்றுதான் சொல்வார். இந்தச் சொற்களுக்குள் என்ன உறவு? பிள்ளைக்குச் சரியாகச் சொல்லித் தர வேண்டும்.

பதில் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
உங்கள் உருளைக்கிழங்கிலேயே விடை இருக்கிறதம்மா. மேலுறை தனியாகப் பிரிந்து வந்தால் உரித்தல். கத்தி சதையையும் கொஞ்சம் சேர்த்து மெல்லிசாக எடுத்தால் சீவுதல். பென்சில் சீவுவதும் பாக்குச் சீவலும் அப்படித்தான்.

உரி என்பது பெயர்ச்சொல்லும் கூட. உரித்தெடுத்த தோலும் உரிதான், மரவுரி என்கிறோமே. பொருநராற்றுப்படை என்ற சங்கப் பாட்டில் சோழன் கரிகாலன் ஒரு பொருநனுக்கு, அதாவது கலைஞனுக்குக் கொடுத்த ஆடையைப் புலவர் முடத்தாமக்கண்ணியார் 'அரவுரி அன்ன அறுவை' என்கிறார். பாம்பு கழற்றிப் போட்ட சட்டை போன்ற துணி! நூல் ஓடும் வழி கண்ணுக்கே பிடிபடாத நெசவாம். வேலியோரம் கிடைத்த பாம்புச் சட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோய், பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த வரியை நடத்துவேன். ஊதினால் பறக்கும். அதன் பிறகு உரை சொல்லவே தேவைப்படாது.

பதில் (நாகர்கோவில்):
மாமியார் சொல்வது நல்ல பழைய சொல். தோலும் தொலியும் ஒரே குடும்பம். மலையாளத்திலும் தொலிதான்; தெலுங்கில் தோலு, கன்னடத்தில் தொகலு. நெல்லின் உமியை நீக்குவதைத் தொலித்தல் என்பார்கள். எங்கள் பக்கம் உளுந்தஞ்சோற்றுக்குத் தொலி உளுந்துதான் போடுவோம், கறுப்புத் தோலோடு உடைத்தது. வெள்ளை உளுந்தில் அந்த வாசம் வராது.

பதில் (யாழ்ப்பாணம்):
எங்கள் ஊரில் தேங்காயை அலவாங்கில் உரிப்போம். நீங்கள் கடப்பாறை என்பதுதான் அது. போர்த்துக்கேயர் விட்டுப் போன சொல். உரித்த மட்டைக்குப் பொச்சுமட்டை என்று பெயர்.

கேட்டவர்:
ஐயா, அந்தப் பாம்புச் சட்டைக் கதையை மகளுக்கு இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. இன்று பூண்டைக் கொடுத்தேன். ஒரு பல்லை நசுக்கினாள், தோல் தானாக விலகி வந்தது. "அம்மா, இது உரியுதா, கழலுதா?" என்கிறாள்.