மலையடிவார வீடு, ரெட் ஃப்ளாக் சீசன்: கிளம்ப வேண்டி வந்தால் எதை முதலில் செய்வது?

அல்மடன்வாசி (கேள்வி)

வணக்கம். கலிபோர்னியாவில் சான் ஹோசேக்குத் தெற்கே, அல்மடன் பக்கம் மலையடிவாரத்தில் வீடு. பின்வேலியைத் தாண்டினால் ஓக் மரமும் காய்ந்த புல்லும்தான். ரெட் ஃப்ளாக், அதாவது காற்றும் வறட்சியும் கூடிக் காட்டுத்தீ பரவலாம் என்ற எச்சரிக்கை, வரும் சீசன் இது. வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், ஐந்து வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள், விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பா இன்சுலின் போடுகிறவர். அம்மாவுக்கு முட்டிவலி, படி இறங்க நேரம் பிடிக்கும். கார் இரண்டு, அதில் ஒன்று பேட்டரி கார்.

கேட்க வேண்டியவை: வெளியேறத் தயாராகச் சொல்லும் வார்னிங் வந்ததுமே கிளம்ப வேண்டுமா, கட்டாயம் வெளியேறு என்ற ஆர்டர் வரும்வரை பொறுக்கலாமா? கேஸை மூடிவிட்டுப் போவதா? ஸ்பிரிங்ளரை ஓடவிட்டுப் போனால் வீடு தப்புமா? நகையும் பத்திரங்களும் ஃபயர்ப்ரூஃப் பெட்டியில் இருக்கின்றன, அப்படியே விட்டுவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செர்ட் தொண்டர்

செர்ட் என்ற அவசரகால உதவிக் குழுவில் தொண்டர் நான். முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு வார்னிங்தான் ஆர்டர். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், ஆடுமாடு வைத்திருப்பவர்கள் அப்போதே கிளம்ப வேண்டும் என்பதுதான் வார்னிங்குக்கு அரசு கொடுக்கும் விளக்கமே. ஆர்டர் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து. அந்தப் பகுதி சட்டப்படி மூடப்படும், வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போக முடியாது.

ஆர்டருக்காகக் காத்திருப்பதில் இன்னொரு சிக்கல், அது வராமலே போகலாம். 2018 நவம்பர் 8 அன்று வட கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ அழித்தபோது நடந்தது அதுதான். ஊரை மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியேற்றும் திட்டம் முன்கூட்டியே இருந்தது. காற்றில் பறந்த தீப்பொறிகள் அந்த வரிசைக்கு நிற்கவில்லை. சில மண்டலங்களுக்கு ஆர்டர் போய்ச் சேரவே இல்லை, ஸ்கைவே சாலையில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. இறந்தவர்கள் 85 பேர், பெரும்பாலோர் முதியவர்கள்.

இன்றைக்கே செய்யுங்கள். ஜெனசிஸ் ப்ரொடெக்ட் தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டு உங்கள் மண்டல எண்ணைப் பார்த்து ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள். அறிவிப்பில் தெருப் பெயர் வராது, அந்த எண்தான் வரும். நம் கவுண்டியின் எச்சரிக்கைச் சேவையான அலர்ட்எஸ்சிசியில் எல்லா நம்பரையும் பதியுங்கள், அப்பா அம்மா கையில் இருக்கும் இந்த ஊர் நம்பரையும் சேர்த்து. வாட்ச் டூட்டி ஆப் தீ எங்கே இருக்கிறது என்று பார்க்க நல்லது. ஆனால் கிளம்புவதா வேண்டாமா என்பதை அதைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்யாதீர்கள். வரைபடத்தில் தீ இரண்டு மைல் தள்ளி இருக்கும், பொறி உங்கள் கூரையில் இருக்கும்.

வழி இரண்டு தெரிந்திருக்க வேண்டும், இரண்டும் மலைக்கு எதிர்ப்பக்கமாக. மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். நெரிசல் இல்லாத ரோடு என்று ஆப் காட்டுவது தீ காரணமாக ஆளில்லாமல் கிடக்கும் ரோடாக இருக்கலாம். 2017 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் போலீசே அந்த ஆப்களை நம்பிப் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஆறு பேருக்கு இரண்டு காரும் வேண்டும். எந்தக் காரில் யார் என்று இப்போதே பிரித்துவிடுங்கள், காருக்கு ஒரு பிள்ளை, ஒரு பெரியவர். பிரிந்துபோனால் சேரும் இடம் ஒன்று, செய்தி சொல்ல வேறு மாநிலத்தில் ஒருவர். கால் போகாத நேரத்திலும் எஸ்எம்எஸ் போகும். வாட்ஸ்அப்புக்கு டேட்டா வேண்டும், அதை நம்பாதீர்கள்.

மரவேலைக்காரன்

வீட்டு விஷயம் நான் சொல்கிறேன். வீட்டைக் கொளுத்துவது பெரும்பாலும் சுவர்போல வரும் நெருப்பு இல்லை, முன்னால் பறந்து வரும் தீக்கங்கு. ஒரு மைலுக்கு மேலும் பறக்கும். அது உட்கார்ந்து புகைய இடம் கொடுக்காமல் இருப்பதுதான் மொத்த வேலையும்.

நம் ஆட்களின் வீட்டு வாசலைப் பாருங்கள். நிலைப்படிக்கு மேல் காய்ந்து சருகான மாவிலைத் தோரணம், கீழே தேங்காய்நார் மிதியடி, பக்கத்தில் செருப்பு வைக்கும் மர ஷெல்ஃப். கங்குக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ரெட் ஃப்ளாக் அறிவித்த அன்றே மூன்றையும் எடுத்துவிடுங்கள். சுவரிலிருந்து ஐந்து அடிக்குள் மரப்பட்டைத் தூள், சருகு, விறகு, பிளாஸ்டிக் நாற்காலி எதுவும் கூடாது. கூரைத் தண்ணீர் போகும் தகரக் கால்வாயில் ஓக் இலை அடைந்திருந்தால் அதையும் அள்ளிவிடுங்கள். ஊஞ்சல் மெத்தை, விளையாட்டுச் சாமான் எல்லாம் வீட்டுக்குள். பார்பிக்யூ சிலிண்டரை வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். மரவேலி வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தில் கதவு இருந்தால் அதைத் திறந்தே விடுங்கள், வேலியில் பிடித்த தீ சுவருக்கு நடந்து வராது, தீயணைப்பு ஆளும் உள்ளே வர முடியும்.

பரணுக்கும் தரைக்கு அடியிலும் காற்றுப் போகும் வெண்ட்டுகள்தான் பலவீனமான இடம். கால் அங்குல வலை போட்ட பழைய வெண்ட்டில் கங்கு சாதாரணமாக நுழைந்துவிடும். எட்டில் ஒரு அங்குலம் அல்லது அதைவிட நெருக்கமான உலோக வலை வேண்டும். கங்கு தடுக்கும் வெண்ட் என்று தனியாகவே விற்கிறார்கள், மாற்றிவிட்டால் நிம்மதி. இல்லையென்றால் அரை அங்குல பிளைவுட்டை அளவாக அறுத்து, எது எந்த வெண்ட்டுக்கு என்று எழுதி, ஸ்க்ரூவோடு கராஜில் வையுங்கள். வார்னிங் வந்தபிறகு அளவெடுக்க முடியாது.

கிளம்பும் நேரத்தில் உள்ளே செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஜன்னல், உள்கதவு, பூனைக்கதவு எல்லாவற்றையும் சாத்துங்கள். மெல்லிய திரைச்சீலைகளைக் கழற்றிப் போடுங்கள், சோபாவை ஜன்னலிலிருந்து அறையின் நடுவுக்குத் தள்ளுங்கள். கண்ணாடி உடையுமுன்னே அதன் வழியாக வரும் வெப்பம் துணியைப் பற்றவைக்கும். ஏசியையும் ஃபேனையும் நிறுத்துங்கள், அவை புகையை உள்ளே இழுக்கும். உள்ளேயும் வெளியேயும் விளக்கு எரியட்டும், புகையில் வீடு இருப்பது தெரிய வேண்டும். பூஜையறை விளக்கை மட்டும் மலையேற்றிவிட்டுப் போங்கள். தோட்டத்துக் குழாயில் ஹோஸை மாட்டி வைத்து, கூரைக்கு எட்டும் ஏணியை வீட்டு மூலையில் தெரியும்படி சாய்த்து வையுங்கள்.

ஸ்பிரிங்ளர் வேண்டாம். தெருவே திறந்துவிட்டுப் போனால் ஹைட்ரண்டில், அதாவது தெருவோரத் தீயணைப்புக் குழாயில், அழுத்தம் விழும். உங்கள் புல்தரை நனைந்துகொண்டிருக்கும், நாலு வீடு தள்ளித் தீயணைப்பு ஆள் கையில் தண்ணீர் சொட்டும்.

கேஸ்: மீட்டருக்கு முன்னால் இருக்கும் வால்வைப் பன்னிரண்டு அங்குல ரெஞ்சால் கால் சுற்றுத் திருப்பினால் போதும், குமிழ் குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியாகிவிட்டது. வார்னிங்கிலேயே கிளம்புகிறவருக்கு நேரம் இருக்கிறது, மூடிவிடுங்கள் என்பேன்.

செர்ட் தொண்டர்

கேஸில் எனக்கு வேறு கருத்து. மாநிலத் தீயணைப்புத் துறையின் பட்டியலில் மூடச் சொல்லியிருக்கும், உண்மைதான். கேஸ் கம்பெனி சொல்வது வேறு: வாடை அடித்தால், இரைச்சல் கேட்டால், அல்லது அதிகாரிகள் சொன்னால் மட்டும் மூடு. காரணம், மூடிய வால்வை நாமே திறக்கக் கூடாது. அவர்கள் ஆள் வந்து ஒவ்வொரு அடுப்பாகச் சோதித்துத்தான் திறப்பார். ஒரு ஊரே திரும்பி வரும்போது அதற்கு நாள்கணக்கில் வரிசை நிற்கும், அதுவரை வெந்நீரும் இல்லை, அடுப்பும் இல்லை. ஆர்டரிலோ போலீஸ் வாயாலோ மூடச் சொன்னால் மூடுங்கள். புரொப்பேன் தொட்டி வைத்த மலை வீடுகள் மட்டும் யோசிக்காமல் தொட்டியிலேயே மூடிவிடலாம்.

மரவேலைக்காரன்

சரி, அது நியாயம்தான். ரெஞ்சை மட்டும் மீட்டர் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், தேடுகிற வேலை மிச்சம்.

க்ளெய்ம் பார்ப்பவர்

இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்ப்பது என் வேலை. ஃபயர்ப்ரூஃப் பெட்டியை நம்பாதீர்கள். கடையில் கிடைக்கும் நல்ல பெட்டியின் லேபிளைப் படித்தால் 350 பாரன்ஹீட், ஒரு மணி நேரம் என்று இருக்கும். வெளியே சுமார் 927 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றினாலும் உள்ளே 177ஐத் தாண்டாது, அதுவும் ஒரு மணி நேரத்துக்குத்தான் என்று அர்த்தம். 177 டிகிரி தாளுக்கு ஒத்துவரும். ஹார்ட் டிஸ்க்குக்கும் பென் டிரைவுக்கும் 52 டிகிரிதான் வரம்பு. ஒரு அறை எரிந்து தீயணைப்பு வண்டி வரும் விபத்துக்கு இந்தப் பெட்டி போதும். காட்டுத்தீயில் வீடு முழுக்க விழுந்து மணிக்கணக்கில் கனன்றுகொண்டே கிடக்கும். மாடியில் வைத்த பெட்டி கீழே விழுந்து வாய் பிளந்துவிடும். தப்பித்த பெட்டியையும் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருக்கும் தாள் பற்றிக்கொள்ளும்.

கையோடு எடுக்க வேண்டியது ஒரே பை. எல்லாருடைய பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, கிரீன் கார்டு அல்லது ஐ-797 (குடியேற்றத் துறையின் அனுமதிக் கடிதம்) அசல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், கார் பத்திரம். அப்பா அம்மாவின் ஐ-94ஐ (நாட்டுக்குள் வந்த பதிவு) தேடி நேரம் போக்காதீர்கள், ஆன்லைனில் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். பாஸ்போர்ட்தான் முக்கியம். ஊர் வீட்டுப் பத்திரமும் மூலப் பத்திரமும் இங்கே கொண்டுவந்து வைத்திருந்தால் அவை முதலில் ஏற வேண்டும்.

நகை. வழக்கமான வீட்டு இன்சூரன்ஸ் பாலிசிகளில் நகைக்கு 1,500 டாலர் மாதிரி ஒரு வரம்பு இருக்கும். அது பெரும்பாலும் திருட்டுக்கான வரம்பு, தீயில் போனால் மற்றச் சாமானோடு சேர்த்துத்தான் கணக்கு. இது புரியாமல் தீக்குப் பயந்து அத்தனையையும் காரில் போட்டு ஹோட்டல் பார்க்கிங்கில் விட்டால், வரம்பு இருக்கிற திருட்டு ஆபத்துக்குள் நாமே போய் விழுகிறோம். வங்கி லாக்கர் வசதி இருந்தால் ஜூனிலேயே கொண்டுபோய் வையுங்கள், தீபாவளிக்கு ஒரு செட் வெளியே இருந்தால் போதும். மீதியை உடம்போடு ஒட்டிய பையில், ஒருவர் பொறுப்பில் வையுங்கள். ஒவ்வொரு உருப்படியையும் தராசில் வைத்து எடை தெரியும்படி ஒரு போட்டோ, கூடவே கடை பில். உங்கள் பாலிசியின் அந்தப் பக்கத்தை ஒருதடவை படித்துவிடுங்கள். ரொக்கத்துக்கு வரம்பு 200 டாலர் அளவில்தான் இருக்கும்.

இந்த வாரமே போனை எடுத்து அறை அறையாக வீடியோ எடுங்கள். அலமாரியைத் திறந்து, டிராயரை இழுத்து, கிரைண்டர், மிக்ஸி, பட்டுப்புடவை வரை, என்ன விலை என்று வாயால் சொல்லிக்கொண்டே. கிளவுடில் ஏற்றிவிடுங்கள். நஷ்டஈட்டுப் படிவத்தில் புடவை என்று ஒரு வரி எழுதினால் இன்சூரன்ஸ்காரர் அதற்கு என்ன விலை போடுவார் என்று யோசியுங்கள்.

ஹோட்டல், சாப்பாட்டு ரசீதுகளை வைத்திருங்கள். அவசரநிலை அறிவித்து ஆர்டர் போட்டால், வீடு எரியாவிட்டாலும் கூடுதல் வாழ்க்கைச் செலவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் இடம் கொடுக்க வேண்டும் என்று கலிபோர்னியா சட்டம் சொல்கிறது. வழக்கமான செலவுக்கு மேலே ஆனதைத்தான் தருவார்கள், முழு பில்லையும் அல்ல. பாலிசியை உயர்த்த நினைத்தால் இப்போதே பேசுங்கள். பக்கத்தில் தீ பிடித்துவிட்டால் கம்பெனிகள் புதிதாக எதையும் எழுத மாட்டார்கள்.

அல்மடன்வாசி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. தீ அபாயம் என்று கரண்ட் கம்பெனி முன்கூட்டியே கரண்டை நிறுத்திவிட்டால் பேட்டரி காரும் கராஜ் கதவும் என்ன ஆகும்? அப்பாவின் இன்சுலினை எப்படி எடுத்துப் போவது?

மரவேலைக்காரன்

ரெட் ஃப்ளாக் அறிவித்ததும் காரைச் சார்ஜில் போட்டுவிட்டு, கராஜுக்கு வெளியே, முன்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்துங்கள். கராஜ் கேள்வி அத்தோடு பாதி தீர்ந்தது. 2019 ஜூலையிலிருந்து இங்கே விற்கும் கராஜ் கதவு மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம். 2017 வட கலிபோர்னியா காட்டுத்தீயில் கரண்ட் போய்க் கதவைத் திறக்க முடியாமல் ஆட்கள் இறந்த பிறகு வந்த சட்டம் அது. பழைய மோட்டார் என்றால் சிவப்புக் கயிறு தொங்கும். கதவு மூடியிருக்கும்போதுதான் அதை இழுக்க வேண்டும், பாதி திறந்த நிலையில் இழுத்தால் ஸ்பிரிங் சரியில்லாத கதவு தலையில் இறங்கும். பிறகு கையால் தூக்கிப் பாருங்கள். இடுப்பளவில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். விழுந்தால் ஸ்பிரிங் போய்விட்டது, ஆள் வைத்து மாற்றுங்கள், நீங்களே கழற்றாதீர்கள்.

வார்டு நர்ஸ்

பிரித்த இன்சுலினில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் சுமார் 28 நாள் வெளியில் தாங்கும், உங்கள் பெட்டியில் உள்ள தாளிலும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கெடுப்பது பூட்டிய காரின் சூடும், ஐஸ்மேல் நேராக வைப்பதும். உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. குளிர்ப்பைக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு துண்டு வையுங்கள். ஊசி, மீட்டர், ஸ்ட்ரிப், சர்க்கரை இறங்கினால் கொடுக்க மிட்டாய் எல்லாம் அதே பையில். ஊர் மாத்திரைகளின் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். இந்தியக் கம்பெனிப் பெயர் இங்கே பார்மசியில் புரியாது.

அம்மாவுக்கு நைலக்ஸ், பாலியஸ்டர் புடவை வேண்டாம், கங்கு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முழுக்கைப் பருத்தி உடையும் மூடிய ஷூவும் போதும். முகத்தில் ஈரத்துண்டு கட்டச் சொல்வார்கள், கட்டாதீர்கள். அனலில் அந்த ஈரம் ஆவியாகிச் சுடும், புகைத் துகளையும் வடிகட்டாது. பெரியவர்களுக்கு என்95. காரில் ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் போடுங்கள். சீசன் முடியும்வரை அவர்களைக் கீழ்த்தளத்து அறையில் படுக்க வைத்தால் படிப் பிரச்சினையே இல்லை.

செர்ட் தொண்டர்

திரும்பி வந்தபின் ஒன்று. ஃப்ரிட்ஜ் கரண்ட் இல்லாமல் நாலு மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீஸர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம். இட்லி மாவைப் பார்த்து யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பக்கத்தில் வீடுகள் எரிந்திருந்தால் குழாய்த் தண்ணீர்பற்றி அறிவிப்பு வரும்வரை பாட்டில் தண்ணீர்தான். அழுத்தம் விழுந்த குழாய்களில் எரிந்த பிளாஸ்டிக்கும் புகையும் கலந்து பென்சீன் என்ற நச்சு ஏறுகிறது. 2017 தீக்குப் பின் சாண்டா ரோசாவிலும், அடுத்த வருடம் பாரடைஸிலும் கண்டுபிடித்தார்கள். நம் வீடுகளில் உடனே கொதிக்கவைத்துக் குடிப்போம். பென்சீன் அதற்கு அடங்காது, கொதிக்கும்போது ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும். அறிவிப்பில் குடிக்காதே, கொதிக்கவைக்காதே என்று இருந்தால் வெந்நீர்க் குளியலும் கிடையாது என்று அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.