கடையில் பார்த்த சந்தன நிறம் எங்கள் சமையலறையில் மட்டும் ஏன் மாறுகிறது?

கொல்லைக்கதவு:
கும்பகோணத்தில் எங்கள் வீடு மாமனார் காலத்தது. சமையலறை பத்துக்கு எட்டு அடி. தரை சிவப்பு சிமெண்ட், மேடை கடப்பைக் கல், மேடைக்கு மேல் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ். சுவரில் கீழே நான்கடிக்கு எப்போதோ அடித்த ஆயில் பெயிண்ட், அதற்கு மேல் டிஸ்டெம்பர். தாளிப்புப் புகையில் இரண்டும் ஒரே நிறமாகிவிட்டன. அந்த நிறத்துக்குப் பெயர் கிடையாது. தை பிறப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

மாமியார் மஞ்சள்தான் என்கிறார். மகளுக்குச் சாம்பல் நிறம் வேண்டுமாம். "அதற்கு விறகடுப்பையே வைத்திருந்திருக்கலாமே" என்று மாமியார் கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைவு. நடுவில் நான் சந்தனம் என்று தீர்ப்புச் சொல்லி, சாம்பிள் டப்பா வாங்கிவந்து சன்னலுக்கு எதிர்ச்சுவரில் கொஞ்சம் அடித்துப் பார்த்தேன். கடையில் சந்தனமாக இருந்தது, சுவரில் வேப்பெண்ணெய் மாதிரி இருக்கிறது. ட்யூப் லைட் போட்டால் இன்னொரு நிறம். மகள் செல்போனில் எடுத்த படத்தில் மட்டும் அசல் சந்தனம்! கடையில் தவறாகக் கலந்துவிட்டார்களா?

மூன்றாம்மாடி:
சமையலறை தென்கிழக்கில் இருந்தால் ஆரஞ்சு, இல்லையென்றால் மஞ்சள் என்பது வாஸ்து. மாமியார் சொல்வதைக் கேளுங்கள், வீட்டில் அமைதியும் கிடைக்கும்.

பட்டித்தகடு:
அம்மா, கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். சன்னல் எந்தப் பக்கம்? அதன் வழியே என்ன தெரிகிறது?

கொல்லைக்கதவு:
மேற்குப் பக்கம், ஐயா. கொல்லையைத் தாண்டிப் பத்தடியில் பக்கத்து வீட்டு மதில். அவர்கள் வீட்டு மகள் கல்யாணத்துக்காக ஆவணியில் கிளிப்பச்சை அடித்தார்கள்.

பட்டித்தகடு:
அதுதான். உங்கள் சமையலறைக்குள் வருவது வானத்து வெளிச்சம் மட்டுமல்ல, மதிலில் பட்டுத் திரும்பும் பச்சை வெளிச்சமும்தான். காலை பத்து மணிக்கு மேல் மதிலில் நேராக வெயில் விழும்போது இன்னும் மோசமாக இருக்கும். சந்தனத்தில் இருக்கும் மஞ்சள் அந்தப் பச்சையை அப்படியே வாங்கிக் காட்டுகிறது. செல்போன் கேமரா வெளிச்சத்தின் சாயத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும், அதை நம்பி நிறம் முடிவு செய்யாதீர்கள்.

சந்தேகமிருந்தால் பதினோரு மணிக்குச் சன்னலுக்கு நேரே மதிலை மறைத்து ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே வந்து அதே சாம்பிளைப் பாருங்கள். மதில்காரர் சம்மதித்தால் உங்கள் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்துவிடலாம். இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது.

சம்மதிக்காவிட்டால் சன்னலுக்கு எதிர்ச்சுவருக்கும் பக்கச் சுவர்களுக்கும் லேசாகச் சிவப்பு ஓடிய வெள்ளை எடுங்கள். ஷேடு கார்டில் வெளிர் பீச் வரிசையில் முதல் கட்டத்தில் இருக்கும். கடையில் பார்த்தால் ரோஸ் மாதிரி தோன்றும், பயப்பட வேண்டாம். உங்கள் வீட்டுப் பச்சையோடு சேர்ந்தால் அடங்கிவிடும். மாமியாரின் மஞ்சளைச் சன்னல் இருக்கும் சுவரிலேயே அடியுங்கள். மதில் வெளிச்சம் அந்தச் சுவரில் நேராக விழாது என்பதால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். மகளின் சாம்பலுக்கு என்னிடம் வழியில்லை. மதியத்துக்கு மேல் இருட்டும் அறைக்கு அது ஆகாது.

பெயிண்டுக்கு முன்னால் விளக்கை முடிவு செய்யுங்கள். இப்போது இருப்பது 6500 கெல்வின் நீல வெள்ளையாக இருக்கும். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு, எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 4000 கெல்வின் எல்.இ.டி. மாட்டிவிட்டு, சாம்பிளைச் சுவரில் அல்ல, ஓர் அட்டையில் இரண்டு கை அடித்து, காலையிலும் இரவிலும் இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். பழைய நிறத்தின் நடுவே அடித்த சாம்பிள் கண்ணை ஏமாற்றும்.

ஈரத்துணி:
கீழ்ப்பகுதி ஆயில் பெயிண்ட் என்றதால் சொல்கிறேன். அதன் வழவழப்பு போகாமல் மேலே எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) அடித்தால் தோல் மாதிரி உரிந்து வரும். தேய்க்கத்தான் வேண்டும், ஆனால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், அதாவது ஆயில் பெயிண்டில், எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் தொட்டு, நீரில் ஊறும் உப்புத்தாளால் தேய்த்து, விழும் சேற்றைத் துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் அந்த அறைப் பக்கம் வரவே வேண்டாம்.

புதிதாகவும் வெள்ளை எனாமல் வேண்டாம். வெயில் படாத மூலையில் அது தானாகவே பழுப்பேறும். கழுவக்கூடிய சாட்டின் எமல்ஷன் போதும். மஞ்சள்தூள் தெறித்தால் சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள், சிவந்துபோகும். வெறும் ஈரத்துணியால் உடனே துடையுங்கள்.

கொல்லைக்கதவு:
போர்வையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மாமியாரே "இப்போது சந்தனம்" என்றார். மதில்காரரிடம் பேச்சைத் தொடங்கினேன். நிறம் எப்படி என்று அவர் முந்திக்கொண்டு கேட்டார், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே பீச்தான். ஐயா, பரணின் அடிப்பக்கத்துக்கு என்ன அடிப்பது? டைல்ஸ், கதவு, சன்னல் போக 260 சதுர அடி வருகிறது, எவ்வளவு வாங்கலாம்?

பட்டித்தகடு:
பரணுக்கு அடியில் வெறும் வெள்ளை. மேடையில் காய் நறுக்கும் இடத்துக்கு வெளிச்சம் இறங்கட்டும். பட்டி பார்த்து (மாவு பூசிச் சமப்படுத்தி) ப்ரைமர் அடித்த சுவரில் இரண்டு கைக்கு ஒரு லிட்டர் 60 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீச் நான்கு லிட்டர், மஞ்சள் ஒரு லிட்டர், தாராளம். பீச்சை ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள், பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் சாயல் மாறலாம்.

ஒன்று கேட்க மறந்தேன். கார்த்திகை மழையில் கொல்லைப் பக்கச் சுவர் ஈரம் குடித்திருக்கிறதா? பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பட்டி வேலையைத் தொடங்காதீர்கள், உப்பு பூத்துவிடும். பொங்கலுக்கு மற்ற சுவர்களை முடித்துக்கொண்டு, அந்த ஒரு சுவரை மாசியில் அடிக்கலாம்.

கொல்லைக்கதவு:
அந்த ஒரு சுவர்தான் மாமியாரின் மஞ்சள் சுவர், ஐயா.