அப்பாவின் ஆல்டோ, என் ஸ்விஃப்ட்: இரண்டுக்கும் என் ஒரே பெயரில் இன்சூரன்ஸ் எடுத்தால் பிரச்சனை வருமா?

தாம்பரம்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். 2023 ஜூனில் எடுத்த ஸ்விஃப்ட் ஒன்று என் பெயரில் இருக்கிறது, இதுவரை க்ளெய்ம் எதுவும் போடவில்லை, என்சிபி (க்ளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) இப்போது 25 சதவீதம். வீட்டில் இன்னொரு கார் அப்பாவின் 2014 ஆல்டோ 800. அப்பா இரண்டு மாதத்துக்கு முன்பு தவறிவிட்டார். வண்டியை விற்க அம்மாவுக்கு மனசு வரவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அவர் பக்கெட்டும் துணியுமாக அதன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஒரகடத்தில் வேலைக்குப் போகும் என் தம்பிதான் அதை ஓட்டுகிறான். இன்சூரன்ஸ் இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அப்பாவுக்கு 50 சதவீத என்சிபி.

ஆல்டோவையும் என் பெயருக்கு மாற்றிவிடு என்கிறார் அம்மா. ஏஜென்டிடம் கேட்டேன். ஒரே ஆள் பெயரில் இரண்டு கார் இருந்தால் இரண்டாவதற்கு பிரீமியம் கூடுதலாக வரும், 15 லட்சம் விபத்து கவர் இரண்டு பாலிசியிலும் கட்டாயம் என்கிறார். நிஜமா? அப்புறம், அப்பாவின் 50 சதவீதத்தை என் ஸ்விஃப்டுக்குக் கொண்டுவர முடியுமா? பாலிசிதான் இன்னும் நாலு மாதம் இருக்கிறதே என்று நான் அவசரப்படவில்லை.

பழைய சர்வேயர்:
தம்பி, அப்பா விஷயம் கேட்டு வருத்தமாக இருக்கிறது. உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இருப்பதிலேயே அவசரம் அதுதான். உங்களுக்கு நாலு மாதம் இல்லை. பாலிசிதாரர் இறந்துவிட்டால் பாலிசி உடனே செத்துப்போகாது, ஆனால் இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். பாலிசியின் பின்பக்கத்தில் பொது நிபந்தனைகளில் இது அச்சாகியிருக்கும், எடுத்துப் பாருங்கள். அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பது ஒரு மாதம். அதற்குள் இறப்புச் சான்றிதழ், வண்டி வாரிசுக்கு வருகிறது என்பதற்கான ஆதாரம், அசல் பாலிசி மூன்றையும் வைத்து கம்பெனிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். ஆர்டிஓ பக்கமும் இதே மாதிரி கெடு உண்டு: 30 நாளுக்குள் இறப்பைத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முதல் கெடு தாண்டிவிட்டது, அதற்காக இரண்டாவதையும் தாண்ட விடாதீர்கள். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே போட்டுவிடுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும்.

இனி ஏஜென்ட் சொன்னது. ஒருவர் பெயரில் எத்தனை கார் வேண்டுமானாலும் இருக்கலாம், எல்லாவற்றுக்கும் அவர் பெயரிலேயே பாலிசி எடுக்கலாம், ஒரே கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டாவது கார் என்பதற்காகத் தேர்ட் பார்ட்டி பிரீமியம், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் பாதிப்புக்கான கட்டணம், ஒரு ரூபாய்கூட அதிகமாகாது, ஏனென்றால் அது இன்ஜின் சிசி பார்த்து அரசே அறிவிக்கும் கட்டணம். 2022 ஜூனில் வந்த விகிதப்படி 1000 சிசிக்குள் இருக்கும் தனியார் காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1000-லிருந்து 1500 வரை 3,416, வரி தனி. உங்கள் ஆல்டோ 796 சிசி, அது முதல் கணக்கில் வரும். ஸ்விஃப்டுக்கு வண்டி எடுக்கும்போதே மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள்.

15 லட்சம் விஷயத்தில் அவர் சொன்னது தவறு. அந்தக் கவர் காருக்கு இல்லை, கார் சொந்தக்காரர் என்ற மனிதருக்கு. 2018 கடைசியில் 15 லட்சமாக உயர்த்தினார்கள், 2019 ஜனவரியிலிருந்து அதைத் தனியாகவே வாங்கலாம் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பிரித்துவிட்டது. இரண்டு கார் வைத்திருப்பவர் அதை இரண்டு முறை வாங்கித் தூக்கிச் சுமக்காமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஸ்விஃப்ட் பாலிசியில் அது இருந்தால், ஆல்டோவுக்கு எடுக்கும்போது ஏற்கனவே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து அந்தப் பாலிசி நம்பரைச் சொன்னால் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். கவர் இருக்கும் பாலிசியைப் புதுப்பிக்க மறந்தால் எந்தக் காரில் போனாலும் உங்களுக்குக் கவர் இருக்காது.

பழைய சர்வேயர்:
என்சிபி கேள்வி விட்டுப்போய்விட்டது. சாதாரணமாக என்சிபி வண்டியோடு போகாது, பாலிசிதாரரோடுதான் போகும், அதனால்தான் பழைய கார் வாங்குகிறவருக்கு விற்றவருடைய என்சிபி கிடைப்பதில்லை. இதற்கு முக்கியமான விலக்கு மரணம். வண்டி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ வாரிசாக வந்தால், அந்த 50 சதவீதமும் கூடவே வரும். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். ஆனால் அது அந்த ஆல்டோவுக்குத்தான். அதைத் தூக்கி ஸ்விஃப்டில் வைக்க முடியாது, ஒவ்வொரு காரும் தன் கணக்கைத் தானே சேர்க்கிறது. நல்ல விஷயம் என்னவென்றால், ஆல்டோவில் க்ளெய்ம் போட்டால் ஸ்விஃப்டின் 25 சதவீதம் குறையாது. தள்ளுபடி ஓன் டேமேஜ் பகுதிக்கு, அதாவது நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும், தேர்ட் பார்ட்டியில் என்சிபி கிடையாது.

வேளச்சேரி அக்கா:
பழைய வண்டிதானே, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு கார், இரண்டும் என் வீட்டுக்காரர் பெயரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முதல் நாளே புதுக் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார், திரும்பி வருவதற்குள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது, பழைய காரை எடுக்கவே முடியவில்லை. அதற்கு நாங்கள் வைத்திருந்தது தேர்ட் பார்ட்டி மட்டும். சீட் வரைக்கும் தண்ணீர் ஏறிய வண்டிக்கு ஒரு பைசா வரவில்லை. இரண்டு கார் வைத்திருக்கிறவர்கள் மழையில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் தம்பி, விட்டுப்போகிற வண்டிக்குத்தான் முழு இன்சூரன்ஸ் வேண்டும். தண்ணீர் தேங்கும் முடிச்சூர் பக்கமென்றால் இன்னும் யோசியுங்கள். முழு பாலிசி இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், அப்படி இன்ஜினுக்குள் தண்ணீர் போய்ப் பழுதானால் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் இல்லாமல் பணம் பெரும்பாலும் கிடைக்காது.

கோவைக்காரன்:
இரண்டு காருக்கும் சேர்த்து ஒரே பாலிசி என்று ஃப்ளோட்டர் இருக்கிறதே, 2022 ஜூலையில் ஐஆர்டிஏஐ அனுமதி கொடுத்தது. அதைப் பார்க்கலாமே? ஒரே தேதி, ஒரே பேப்பர்.

பழைய சர்வேயர்:
பார்க்கலாம், தவறில்லை. இரண்டு வண்டியும் ஒரே ஆள் பெயரில் இருந்தால்தான் அது நடக்கும். வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு மட்டும் எழுத்தில் பதில் வாங்குங்கள்: ஒரு காரில் க்ளெய்ம் போட்டால் மற்றதின் என்சிபி என்னவாகும்? தனித்தனிப் பாலிசியில் அந்தக் கவலையே இல்லை.

ஆனால் தாம்பரம்வாசி, எனக்கு மனதில் உறுத்துவது வேறு. ஆல்டோவை ஓட்டப்போவது உங்கள் தம்பி. உங்கள் அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த 15 லட்சம் ஆர்சியில் பெயர் உள்ள, தானே ஓட்டுகிற ஆளுக்கு மட்டும். தினமும் ஒரகடம் சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறவன் அவன், கவரோ உங்கள் பெயரில். அவனே எதிலாவது மோதி அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பாலிசியில் தேர்ட் பார்ட்டி என்றும் அவன் கேட்க முடியாது, வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் சொந்தக்காரர் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது இப்படி வெறுங்கையோடு போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, வீட்டில் இரண்டு கார் உள்ளவர்கள் பலருக்குத் தெரியாது. தம்பி அவசரத்தில் ஆல்டோவை ரிவர்ஸ் எடுக்கும்போது வாசலில் நிற்கும் உங்கள் ஸ்விஃப்டில் இடித்துவிட்டான் என்று வையுங்கள். இரண்டும் உங்கள் பெயரில் இருந்தால் ஆல்டோவின் தேர்ட் பார்ட்டி ஸ்விஃப்டின் கதவுக்குப் பணம் தராது, பாலிசிதாரரின் சொந்தப் பொருள் அந்தக் கவரில் சேராது. ஸ்விஃப்டுக்கு அதன் ஓன் டேமேஜில் ஒரு க்ளெய்ம், ஆல்டோவின் பம்பருக்கு அதில் இன்னொரு க்ளெய்ம். இரண்டிலும் முதல் ஆயிரம் ரூபாய் உங்கள் கையிலிருந்து, இரண்டிலும் என்சிபி பூஜ்யம்.

அதனால் என் யோசனை, ஆல்டோவை நேரே தம்பி பெயருக்கு மாற்றுங்கள். அவனும் வாரிசுதான், அப்பாவின் 50 சதவீதம் அவனுக்கும் வரும். அம்மாவும் நீங்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 15 லட்சத்தை அவன் பெயரில் எடுங்கள். உங்கள் பெயரில்தான் வேண்டுமென்று அம்மா பிடிவாதமாக இருந்தால், தம்பிக்கு 15 லட்சத்துக்குக் குறையாமல் தனியாக ஒரு விபத்துப் பாலிசியாவது எடுத்துவிடுங்கள்.

தாம்பரம்வாசி:
சார், அக்கா, ரொம்ப நன்றி. மூன்று மாதக் கணக்கைப் படித்தவுடனே அப்பாவின் பாலிசியை எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன நிபந்தனை அப்படியே இருக்கிறது. இத்தனை நாள் தம்பி அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான், நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. பேப்பர் சரியாகும்வரை ஆபீஸ் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டேன், சரி என்றான். முழு பாலிசியே எடுக்கிறோம், தேர்ட் பார்ட்டி மட்டும் இல்லை.

அம்மாவிடம் பேசினேன். தம்பி பெயருக்கு மாற்றச் சம்மதம், ஆனால் ஒன்று கேட்கச் சொன்னார். பெயர் மாற்றினால் வண்டி நம்பர் மாறிவிடுமா? அப்பா அலைந்து திரிந்து வாங்கிய நம்பர் அது.

பழைய சர்வேயர்:
மாறாது தம்பி. ஆர்சியில் சொந்தக்காரர் பெயர்தான் மாறும், நம்பர் அப்படியே இருக்கும். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.