அக்காவின் பித்தக்குழாய் வெட்டுப்பட்டது: வழக்குப் போடலாமா, பேசாமல் விடலாமா?

கோண்டாவிலான்:
எல்லோருக்கும் வணக்கம். என் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து) பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர், சின்னத் துளை வழியாகக் கமெரா விட்டுச் செய்தால் அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்படியே செய்து, மறுநாள் துண்டு வெட்டி அனுப்பினார்கள். அன்றிரவே வயிறு ஊதி, வலது தோள்வரை நோ. போன் எடுத்தோம். "வாயுதான், நடக்கச் சொல்லுங்கோ, பனடோல் குடுங்கோ" என்றார்கள். அடுத்த நாள் நேரில் கொண்டுபோனோம். டொக்டர் இல்லை என்று ஊசி போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கண் மஞ்சளான பிறகுதான் ஸ்கான் எடுத்து, அம்புலன்சில் கொழும்புக்கு விட்டார்கள்.

அங்கே அரச வைத்தியசாலையில் குழாய் போட்டு வயிற்றுக்குள் இருந்து பித்தநீரை வடித்தார்கள். பிரதான பித்தக்குழாய் வெட்டுப்பட்டிருந்ததாம். கிருமித் தொற்று அடங்கும்வரை காத்திருந்து, பிறகு குடலோடு இணைத்துத் தைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இரண்டு பிள்ளைகளின் தாய் இன்றைக்கும் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள ஏலாமல் இருக்கிறார். நகையெல்லாம் வங்கியில். அத்தான் "விதி, விடு" என்கிறார். எனக்கு விட மனம் வரவில்லை. சட்டப்படி என்ன செய்யலாம்?

வடமராட்சி டொக்டர்:
தம்பி, உங்கள் அக்கா பட்ட பாட்டை நினைக்கக் கவலையாக இருக்கிறது. ஆனால் நேராகச் சொல்கிறேன்: பித்தக்குழாய் வெட்டுப்படுவது இந்தச் சிகிச்சையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சிக்கல். ஆயிரம் பேருக்குச் செய்தால் மூன்று முதல் ஐந்து பேருக்கு நடக்கிறது, கைதேர்ந்தவர்கள் கையிலும். பித்தப்பை அழன்று வீங்கிக் கிடந்தால் எது எந்தக் குழாய் என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். சிக்கல் வேறு, கவனயீனம் வேறு.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 2023 இல் அநுராதபுரத்தில் குழந்தை வைத்திய நிபுணர்கள் போனதால் ஒரு விடுதியையே மூட வேண்டி வந்தது. ஒவ்வொரு சிக்கலுக்கும் வழக்கு என்றால், கஷ்டமான கேஸை ஒருவரும் தொட மாட்டார்கள். எல்லாரையும் கொழும்புக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுவார்கள். பாதிக்கப்படுவது எங்கள் சனம்தான்.

நீதவான் வீதி:
நான் சட்டத்தரணி. டொக்டர் முதல் பந்தியில் சொன்னது சரி. வெட்டுப்பட்டது என்பதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. இந்தக் கதையில் எனக்குக் கண்ணில் குத்துவது அதற்குப் பிந்திய நாட்கள். கமெரா சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர் வயிறு ஊதி, தோள் நோவோடு திரும்பி வருகிறார். பித்தநீர் கசிகிறதா என்று யோசிக்க ஒரு ஸ்கானும் ஒரு இரத்தப் பரிசோதனையும் போதும். அதைச் செய்யாமல் ஊசி போட்டு அனுப்பியது, அதே துறையில் நியாயமான தேர்ச்சியுள்ள ஒருவர் செய்கிற காரியமா? நீதிமன்றம் கேட்கப் போவது இந்தக் கேள்வியைத்தான்.

எங்கள் நாட்டில் இது ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிற தீங்கியல் வழக்கு, அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்கிற வழக்கு. மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். முதல் சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். அக்கா முழுக்கத் தேறட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்து காலம் கடந்து வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சொல்லவே கஷ்டமாக இருந்தது.

மானிப்பாய் அன்ரி:
தம்பி, நான் அத்தானின் பக்கம். வழக்கென்றால் வருடக்கணக்கு. தவணைக்கு மேல் தவணை. நாளைக்கு அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் எங்கே போவீர்கள்? காலையில் அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் பார்க்கிறவர்தான் பின்னேரம் தனியாரில் இருக்கிறார். சின்ன ஊர். "வழக்குப் போட்ட குடும்பம்" என்ற பெயர் அந்தப் பிள்ளையோடு போகும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம், மகன் ஆஸ்பத்திரியில் செத்ததும் கொதித்து எழும்பினது. ஆனால் பிரேதத்தை வெட்ட விடமாட்டோம் என்று தாய் அழுததால், பரிசோதனை வேண்டாம் என்று கெஞ்சி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்வி: சாவுக்குக் காரணம் என்ன என்று காட்ட என்ன இருக்கிறது? அலைந்ததுதான் மிச்சம்.

நீதவான் வீதி:
அன்ரி, அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்கள் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள்: சாவில் சந்தேகம் என்றால் உடனே பொலிசில் முறைப்பாடு, திடீர் மரண விசாரணை, சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை. கவனயீனத்தால் மரணம் விளைவித்தது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில் போவதென்றாலும், நட்டஈடு கேட்பதென்றாலும், அந்த அறிக்கைதான் அடித்தளம்.

ஸ்காபரோ மச்சான்:
கோர்ட், கச்சேரி எல்லாம் எதற்கு? டொக்டரின் பெயர், படம், வைத்தியசாலையின் பெயர் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போடுங்கள். 2024 இல் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு முன்னால் சனம் திரண்ட பிறகுதானே மேலிடம் திரும்பிப் பார்த்தது? இங்கே கனடாவில் நாங்கள் பகிர்ந்து ஒரே நாளில் உலகம் முழுக்கக் கொண்டுபோவோம்.

நீதவான் வீதி:
வேண்டவே வேண்டாம். நிரூபிக்க முன்னம் பெயர் போட்டால் மானநட்ட வழக்கு உங்கள் மேல் வரும். இணையத்தில் போடுகிற பொய்க் கூற்றுகளுக்கு எதிரான 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. எழுதுவது ஸ்காபரோவில் இருந்து, நீதிமன்றம் ஏறப்போவது கோண்டாவிலில் இருக்கிறவர். சாவகச்சேரியில் சனம் கூடியது ஒரு வைத்தியசாலையின் நிர்வாகத்தைப் பற்றி. ஒருவருடைய உடம்பில் நடந்ததைக் கூட்டம் நிரூபிக்காது, கடதாசிதான் நிரூபிக்கும்.

சென்னைவாசி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் நுகர்வோர் மன்றத்தில் போடலாமே? 1995 இல் உச்ச நீதிமன்றம் மருத்துவமும் சேவைதான் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு பலரும் அங்கேதான் போகிறார்கள். செலவும் குறைவு.

நீதவான் வீதி:
அது இந்தியாவின் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. இங்கே அதைக் கொண்டுவந்து காட்ட முடியாது. அந்த மாதிரி மன்றம் ஒன்று இல்லாததும் எங்கள் பெரிய குறைதான்.

வடமராட்சி டொக்டர்:
சட்டத்தரணி ஐயா, தாமதம் நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதே நாளில் கண்டுபிடித்திருந்தாலும் குழாய் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். அதே பெரிய சத்திரசிகிச்சை தேவைப்பட்டிருக்கும். அப்போது தாமதத்தால் வந்த சேதம் எது?

நீதவான் வீதி:
எதிர்த்தரப்பு சட்டத்தரணி நிற்கப் போகிற இடம் இதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் வழக்குக்குள் இறங்கக்கூடாது.

பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிரான வழக்கு இந்த நாட்டில் மருத்துவக் கவனயீனத்துக்கு வழிகாட்டி. 1992 இல் ஒரு சிறுமி மூளைத்தண்டுக் கட்டியால் இறந்தாள். அதை வேறு நோய் என்று எண்ணி வைத்தியம் நடந்தது. தகப்பன் தானே ஒரு சட்டத்தரணி. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாக்கியது. 2001 இல் நாட்டின் அதியுச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தது என்று ஏற்றும், அந்தக் கவனயீனம்தான் சாவுக்குக் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு சதமும் இல்லாமல் ஆக்கியது. நோயைச் சரியாகக் கண்டிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்காது என்பதுதான் அதன் உட்பொருள். தாய் தகப்பனின் துயரத்துக்கு அப்போதிருந்த சட்டத்தில் விலையே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க 2019 இல்தான் ஒரு சட்டம் வந்தது, அதுவும் இறந்தவர்களின் உறவினருக்கு.

ஆகவே தம்பியின் வழக்கு முழு நட்டத்துக்கும் நிற்குமா என்பது சந்தேகம். ஆனால் பித்தநீர் வயிற்றுக்குள் தேங்கி வந்த கிருமித் தொற்று, வைத்தியசாலையில் கூடுதலாகக் கிடந்த நாட்கள், திருத்தும் சத்திரசிகிச்சை பிந்திப்போனது, அதனால் போன வருமானம் எல்லாம் தாமதத்தின் கணக்கு. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம்.

கோண்டாவிலான்:
வைத்தியசாலையில் கேட்டபோது, "டொக்டர் எங்கள் ஊழியர் இல்லை, அவர் சனலுக்கு வருகிறவர்" என்று முகாமையாளர் சொன்னார். பில் முழுக்க அவர்களின் பெயரில்தான் கட்டினோம். தியேட்டருக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியில் வைத்தே அக்காவிடம் ஒப்பம் வாங்கினார்கள். படிவம் ஆங்கிலத்தில். என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

நீதவான் வீதி:
இரண்டும் முக்கியம். போனில் வாயு என்று சொன்னதும் ஊசி போட்டு அனுப்பியதும் அவர்களின் ஆட்கள். ஆகவே டொக்டர் எங்கள் ஊழியர் இல்லை என்று சொல்லி வைத்தியசாலை முழுக்கத் தப்ப முடியாது. ஒப்பம் வாங்கினால் போதாது, என்ன ஆபத்து இருக்கிறது என்று விளங்கும் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் கடிதம் போட்டு, சத்திரசிகிச்சைக் குறிப்பு, தாதியரின் குறிப்பு, ஒப்புதல் படிவம், இரண்டாம் தரம் போனபோது எழுதிய பதிவு எல்லாவற்றின் பிரதியும் கேளுங்கள். போன் எடுத்த நேரங்கள் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும், அழிய முன்னம் படம் பிடித்து வையுங்கள். கொழும்பில் சிகிச்சை செய்தது அரச வைத்தியசாலை. அங்குள்ள பெட் ஹெட் டிக்கெட்டை (விடுதியில் நோயாளிக்கு எழுதுகிற சிகிச்சைப் பதிவை) அக்காவின் எழுத்துமூல சம்மதத்தோடு, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். உள்ளே பார்த்தபோது குழாய் எப்படி இருந்தது, எவ்வளவு பித்தநீர் வடிந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் பக்கத்தின் மிகப் பலமான ஆவணம் அது.

வழக்குக்குப் போகாமலே இலங்கை மருத்துவ சபைக்குச் சத்தியக்கடதாசியோடு முறையிடலாம். அது வைத்தியரின் பதிவைப் பற்றித்தான் பார்க்கும், பணம் வாங்கித் தராது. வைத்தியசாலையைப் பற்றி, 2006 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கு எழுதலாம். யாழ்ப்பாணத்தில் நடந்தது அரச வைத்தியசாலையில் என்றால் கதை வேறு: சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வழக்கு, அல்லது ஒரு மாதத்துக்குள் அடிப்படை உரிமை மனு. கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் போய்க் கதையுங்கள்.

மானிப்பாய் அன்ரி:
இவ்வளவும் செய்து முடிக்க அந்தப் பிள்ளைக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று யாராவது கேட்டீர்களா? முதலில் அவளிடம் கேளுங்கள். தம்பியின் கோபத்துக்கும் அத்தானின் பயத்துக்கும் நடுவில் அவள் வாயைத் திறந்திருக்கவே மாட்டாள்.

கோண்டாவிலான்:
கேட்டேன் அன்ரி, நேற்றிரவு. "காசு வேண்டாம், அந்த டொக்டர் ஒருக்கால் வந்து என்ன நடந்தது என்று சொன்னால் போதும்" என்றார். நாங்கள் கேட்டுப் போனபோது அவர் எங்களைச் சந்திக்கவே இல்லை.

வடமராட்சி டொக்டரிடம் ஒரு கேள்வி. நாங்கள் வழக்குப் போட்டால் இந்தத் தாமதம் பிழை என்று நீங்கள் நிபுணர் சாட்சி சொல்வீர்களா?

வடமராட்சி டொக்டர்:
மாட்டேன். முதல் காரணம், நான் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை, என் சாட்சி அங்கே எடுபடாது. இரண்டாவது, நானும் இந்த மாவட்டத்தில்தான் வேலை செய்ய வேண்டும். எங்களில் ஒருவர் மற்றவருக்கு எதிராகக் கூண்டில் ஏறுவது லேசில் நடக்காது. அது சரி என்று நான் சொல்ல வரவில்லை.

நீதவான் வீதி:
இந்த நாட்டில் இந்த வழக்குகள் தோற்பதற்கு இதுதான் பெரிய காரணம். சட்டத்தில் வழி இருக்கிறது, சாட்சிக்கு ஆளில்லை. கொழும்பில் திருத்திய நிபுணரைச் சாட்சியாக அழைப்பிக்கலாம். தான் கண்டதையாவது அவர் சொல்லத்தான் வேண்டும்.

வடமராட்சி டொக்டர்:
வழக்கு வேண்டாம் என்ற என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. ஆனால் திரும்பி வந்த நோயாளியை ஸ்கான் எடுக்காமல் அனுப்பியதை நியாயப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த நிபுணர் வந்து கதைத்திருந்தால் இந்தத் திரியே தேவைப்பட்டிருக்காது. தம்பி, கடதாசிகள் கைக்கு வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நான் எழுதித் தருகிறேன். அவரைச் சந்தித்துக் கேட்கிறீர்களா, மருத்துவ சபைக்கு எழுதுகிறீர்களா என்பது அக்காவின் முடிவு.

கோண்டாவிலான்:
சரி டொக்டர். கடிதம் நாளைக்குப் போகிறது. சத்திரசிகிச்சை நடந்து பத்து மாதம் ஆகிவிட்டது.