அழகியும் மிருகமும்: அந்தப் பாட்டுப் படத்தோடு உங்கள் அனுபவம் என்ன?

தேவதைக் கதைகளில் காதல் ஒரே வரியில் முடிந்துவிடும். பார்த்தார்கள், பிடித்தது, கல்யாணம். டிஸ்னி 1991-ல் எடுத்த கார்ட்டூன் படம் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' அந்த ஒரு வரியைப் பாட்டாக விரித்துக் காட்டியது. சாபத்தால் மிருகமாகிப்போன ஒரு இளவரசன், சாமான்களாகிப்போன அவன் பணியாட்கள், அவன் மாளிகையில் கைதியாகும் பெல் என்ற பெண். கெடு முடிவதற்குள் இருவருக்கும் காதல் வந்தால் சாபம் தீரும், அதுதான் கதை. நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குக் காரணமே இதுதான். அந்தப் படமோ, அதையே நடிகர்களை வைத்து 2017-ல் மறுபடி எடுத்த படமோ, உங்களுக்கு அதில் ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பிடித்திருந்தாலும் சரி, எரிச்சல் வந்திருந்தாலும் சரி. நானே ஆரம்பிக்கிறேன்.

சின்ன வயதில் வீடியோ கேசட்டில் பார்த்தபோது எனக்குப் பிடித்தது தட்டும் கரண்டியும் ஆடுகிற விருந்துப் பாட்டு. பனிக்காட்சி வந்தால் கேசட்டை ஓட்டிவிடுவேன். இப்போது தலைகீழ். பனி மூடிய தோட்டத்தில் பெல் பறவைகளுக்கு இரை போடுகிறாள். மிருகம் தன் பெரிய கையில் இரையை வைத்துக்கொண்டு நீட்டுகிறது, ஒன்றும் கிட்டே வருவதில்லை. அந்த இடத்துக்காகத்தான் நான் இப்போது படத்தைப் போடுகிறேன். இருவர் குரலும் பாட்டாகக் கேட்கிறது, ஆனால் ஒருவருக்கொருவர் பாடிக்கொள்வதில்லை. அவள் மனதில் ஓடுவது அவனுக்குத் தெரியாது, அவன் நினைப்பது அவளுக்குத் தெரியாது. இரண்டையும் கேட்கிற ஒரே ஆள் நாம்தான். பேச்சில் எழுதியிருந்தால் ஏழெட்டுக் காட்சி பிடித்திருக்கும்.

பழைய கதையில் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். பிரான்சில் வில்நேவ் சீமாட்டி 1740-ல் நீளமாக எழுதியதை, பொமோன் சீமாட்டி 1756-ல் சுருக்கினார். நமக்கெல்லாம் தெரிந்த கதை அந்தச் சுருக்கம்தான். அதில் மிருகம் தினமும் இரவு உணவின்போது 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா?' என்று கேட்கும், அவள் மாட்டேன் என்பாள். மாதக்கணக்கில் இதே கேள்வி, இதே பதில். படத்தில் மிருகம் அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்பதில்லை. கேள்வி இருந்த இடத்தில் பாட்டு உட்கார்ந்திருக்கிறது.

பின்னாளில்தான் அந்தப் பாட்டு எப்படி வந்தது என்று படித்தேன். முதலில் அங்கே வேறொன்று இருந்தது. மாளிகைச் சாமான்களெல்லாம் மறுபடி மனிதர்களாகப் போவதை நினைத்துப் பாடும் நீண்ட பாட்டு. கதை ஓட்டத்துக்கு அது தாங்காது என்று எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு எழுதியதுதான் இது. எழுதியவர் ஹவர்ட் ஆஷ்மன், இசை ஆலன் மென்கன். ஆஷ்மனுக்கு அப்போது எய்ட்ஸ் முற்றியிருந்தது. அவரால் கலிபோர்னியாவுக்குப் போய்வர முடியாது என்பதால், படக்குழு நியூயார்க் மாநிலத்தில் அவர் வீட்டுக்கு அருகே ஒரு ஓட்டலில் போய் உட்கார்ந்து வேலை பார்த்தது. 1991 மார்ச்சில் அவர் போய்விட்டார், வயது 40. படம் திரைக்கு வந்தது நவம்பரில். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவருக்கு ஒரு காணிக்கை வரி வரும், எழுந்து போய்விடாதீர்கள்.

*

நான் பாடுகிறவள். சேர்ந்திசைக் குழுவில் இருக்கிறேன், அதனால் தலைப்புப் பாட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேட்க எளிதாக இருக்கும், பாடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதன் அடிகள் ஏறக்குறைய எல்லாமே ஐந்தே ஐந்து சிலபிள். ஐந்து, நிறுத்தம், ஐந்து, நிறுத்தம். குரலைத் தூக்கிக் காட்ட இடமே கிடையாது. எங்கள் குழுவில் நல்ல கனமான குரல்காரர்கள் உண்டு, அவர்கள் ஒவ்வொரு அடியின் முடிவையும் இழுத்தார்கள். பாட்டு பெரிதாகிக்கொண்டே போனது, கதை காணாமல் போனது. பயிற்சி தந்தவர் கடைசியில், "இதை யார் பாடுகிறார்கள் என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு தேநீர்க் குடுவை பாடுகிறது! காதலிக்கிற இருவரும் வாயே திறப்பதில்லை, ஆடுகிறார்கள். ஓரமாக நின்று பார்க்கிற வயதான பணிப்பெண் தன் பையனிடம் சொல்வது மாதிரி பாடுகிறாள், பாடி முடித்ததும் அவனைத் தூங்க அனுப்பிவிடுகிறாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பாட்டு வந்துவிட்டது. சத்தத்தில் பாதியைக் குறைத்தோம், அவ்வளவுதான் செய்தோம்.

அதைப் பாடிய ஏஞ்சலா லான்ஸ்பரியே முதலில் தயங்கியிருக்கிறார். இந்த மாதிரி மெதுவான பாட்டு தன் குரலுக்கு ஒத்துவராது என்று நினைத்தாராம். எதற்கும் இருக்கட்டும், ஒரு தடவை பாடிக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் பதிவு செய்தார்கள். படத்தில் இருப்பது அந்த ஒரு தடவை பாடியதுதான். செலின் டியோனும் பீபோ பிரைசனும் பாடும் வடிவம் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது வருவது. வானொலியில் ஓடியது அது. கல்யாண மேடைகளில் எல்லோரும் எடுத்துப் பாடுவதும் அதுதான், பாடட்டும். எனக்குக் குடுவை போதும்.

அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தபோது ஆஷ்மன் உயிரோடு இல்லை. அதே ஆண்டு சிறந்த பாடலுக்கான ஐந்து பரிந்துரைகளில் மூன்று இந்த ஒரே படத்திலிருந்து.

*

எனக்கு இசை சரியாகக் கேட்காது. காதுக் கருவி போட்டாலும் பாட்டு இரைச்சலாகத்தான் வரும், அதனால் அணைத்துவிட்டு எழுத்தோட்டத்தோடு பார்ப்பேன். பாட்டுப் படத்தில் உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

மிருகத்தின் முகத்தைப் பாருங்கள். அதை வரைந்த கிளென் கீன் சிங்கத்தின் பிடரி, காட்டெருமையின் தலை, கொரில்லாவின் புருவம், காட்டுப்பன்றியின் கோரைப்பல், கரடியின் உடம்பு, ஓநாயின் கால் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்திருக்கிறார். கண் மட்டும் மனிதக் கண். என்னைப் போல முகம் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர்கள் அதை முதல் காட்சியிலேயே பிடித்துவிடுவோம். கடைசியில் அவன் இளவரசனாக மாறி நிற்கும்போது பெல்லுக்குச் சந்தேகம் வருகிறது, உற்றுப் பார்த்துக் கண்ணை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள். எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

நடன மண்டபக் காட்சியில் கேமரா மேலே சரவிளக்கிலிருந்து இறங்கி ஆடுகிறவர்களைச் சுற்றி வரும். மண்டபம் கணினியில் செய்தது, ஆடும் இருவரும் கையால் வரைந்தவர்கள். 1991-ல் அது பெரிய துணிச்சல். சத்தமில்லாமல் பார்த்தாலும் தட்டு தெரியும், அவள் பாவாடை விரிந்து அடங்குவதிலேயே தாளம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தின் கடைசியில் வரும் நடனத்தை, அந்த இளவரசன் ஆடும் நடனத்தை, பார்க்கும்போதெல்லாம் இந்தக் காலடிகளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. அப்புறம் தெரிந்தது, நேரம் போதாமல் 1959-ல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தின் நடனத்தையே எடுத்து, மேலே இவர்களை வரைந்துவிட்டார்களாம். காது கேட்கிறவர்களை இசை ஏமாற்றிவிட்டது, என்னிடம் முடியவில்லை!

*

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

பூட்டி வைத்தவனைக் காதலிக்கிற கதை இது. நல்ல மெட்டைப் போட்டதும் நமக்கு அது மறந்துபோகிறது. பதின்ம வயதில் பார்த்தபோது எனக்கும் மறந்துபோனது. பின்னாளில் ஒரு தோழி தன்னை அடக்கி வைத்த ஒருவனைப் பற்றி, "உள்ளுக்குள் அவன் நல்லவன்" என்று என்னிடம் சொன்னாள். அவள் அதைச் சொன்ன தொனி எனக்கு இந்தப் படத்தை ஞாபகப்படுத்தியது. அதிலிருந்து அந்தப் பனிப் பாட்டை என்னால் ரசிக்க முடியவில்லை. பாட்டு நன்றாக இல்லை என்று சொல்லவில்லை. நன்றாக இருப்பதுதான் தொந்தரவு.

*

முந்தையவருக்கு: உங்கள் தோழி விஷயத்தில் நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. நானும் அந்தக் கேள்வியோடுதான் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பனிப் பாட்டு எங்கே வருகிறது என்று பாருங்கள். அவள் மாளிகையை விட்டு ஓடியே போய்விடுகிறாள். ஓநாய்கள் சூழ்கின்றன, அவன் வந்து சண்டை போட்டு அடிபட்டு விழுகிறான். குதிரை பக்கத்தில் நிற்கிறது, வழி திறந்திருக்கிறது. அவள் திரும்பி வருவது அதற்கப்புறம். அவன் மன்னிப்பும் சாக்கும் கலந்து பேச, அவள் விடாமல் பதில் கொடுக்கிறாள். பாட்டு இதற்கெல்லாம் பின்னால்தான். பயந்துகொண்டிருக்கிற நேரத்தில் அவளுக்குக் காதல் பாட்டு எதுவும் கொடுக்கவில்லை.

அவன் அவளை விடுவிக்கும் இடம் இன்னும் முக்கியம். பொமோன் கதையில் அவள் அப்பாவைப் பார்க்க ஒரு வாரம் தவணை கேட்டுத்தான் போகிறாள். திரும்பி வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்கிறது மிருகம். (அக்காமார்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு துக்கப்படுவது போல நடித்து அவளை நிறுத்தி வைப்பது தனி வேடிக்கை.) 1991 படத்தில் தவணை கிடையாது, நிபந்தனை கிடையாது. நீ இனிக் கைதி இல்லை, போ என்கிறான். தன்னுடைய நேரம் முடிந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்லாமலே அனுப்புகிறான்.

அங்கே அவனுக்குப் பாட்டே இல்லை, ஒரு கர்ஜனைதான். 2017 படத்தில் டிம் ரைஸ் வரிகளோடு மென்கன் அதே இடத்தில் ஒரு முழுப் பாட்டு வைத்தார். அவள் குதிரையில் போகப் போக அவன் கோபுரத்தில் ஏறிக்கொண்டே பாடுகிறான். மிருகமாக நடித்த டான் ஸ்டீவன்ஸ் நன்றாகப் பாடியிருக்கிறார், மெட்டும் பிரமாதம். ஆனால் அந்தப் பாட்டு நம்மை அவன் துக்கத்தின் பக்கம் இழுத்துவிடுகிறது, அவள் கிளம்பியது சின்ன விஷயமாகிவிடுகிறது. உங்கள் குற்றச்சாட்டு பழைய படத்தைவிடப் புதிய படத்துக்குத்தான் பொருந்தும் என்பது என் கணக்கு.

*

மேலே எல்லோரும் ஆழமாகப் போய்விட்டார்கள். என் அனுபவம் மகளோடு பார்த்தது.

தொடக்கத்தில் பெல் புத்தகக் கடைக்குப் போகிற பாட்டு இருக்கிறதே, பேக்கரிக்காரர், முடி வெட்டுகிறவர், ஜன்னல்கள் என்று ஊரே நடுநடுவே புகுந்து அவளைப் பற்றிப் பாடும். அதைப் பார்த்து அவள் கேட்டது: "எல்லாரும் ஏன் ஒரே மாதிரி பாடறாங்க, அவ மட்டும் வேற பாடறா?" ஐந்து வயதுக்கு இதற்குமேல் என்ன விமர்சனம் வேண்டும்? நாடக மேடையிலிருந்து வந்தவர்கள் எழுதியது அப்படியே தெரிகிறது. கார்ட்டூன் படத்தின் முதல் பாட்டாக இப்படி ஒரு குட்டி இசை நாடகத்தைக் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்களா என்று அதை அனுப்பவே ஆஷ்மன் தயங்கினாராம்.

பெல்லைக் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஊர் முரடன் காஸ்டனின் மதுக்கடைப் பாட்டுக்குச் சிரித்துப் புரண்டாள். பிறகு அதே ஊர்க்காரர்கள் தீப்பந்தத்தோடு மாளிகைக்குப் பாடிக்கொண்டே கிளம்பியபோது என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவர்களைச் சேர்ந்து பாட வைப்பது எவ்வளவு சுலபம் என்று படம் முன்பே இரண்டு தடவை காட்டிவிட்டது. மூன்றாம் தடவை பாடும்போது கையில் ஆயுதம் இருக்கிறது.

முடிவுதான் சிக்கல். மிருகம் ஒளி சுற்றி எழும்பி இளவரசனானதும் என் மகள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த அண்ணா யாரு?" விளக்கினேன். ஒத்துக்கொள்ளவில்லை. பழையவர் எப்போது வருவார் என்று பெயர்கள் ஓடி முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

*

உங்கள் மகள் கட்சிதான் நானும்! இன்னும் பார்க்கவில்லை, எந்த வடிவத்தில் தொடங்கலாம்? கிளிப்புகள் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

*

(தொடங்கி வைத்தவன்தான்.) முதலில் 1991, திரையரங்குக்கு வந்த அசல் வடிவம். 2002-ல் பெரிய திரைக்காக மறுபடி வெளியிட்டபோது, நான் மேலே சொன்ன அந்த எடுத்துவிட்ட சாமான்கள் பாட்டைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள், அதனால் உங்கள் கைக்கு வருவது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு அழகுதான், ஆனால் பனித் தோட்டத்துக்கும் நடன மண்டபத்துக்கும் நடுவே புகுந்து வேகத்தைக் குறைக்கிறது. அதைக் கேட்க ஆசையாக இருந்தால் இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2017 படம் அதற்குப் பிறகு. பாட்டே இல்லாமல் இதே கதை எப்படி நிற்கும் என்று தெரிய வேண்டுமானால் ஜான் காக்தோ 1946-ல் எடுத்த பிரெஞ்சுப் படம். பெல்லை அடையத் துடிக்கும் முரடன் ஒருவனைக் கதைக்குள் கொண்டுவந்தது அந்தப் படம்தான், மிருகமாகவும் அவனாகவும் ழான் மரே ஒருவரே நடித்திருப்பார். பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், முந்தையவர்கள் இருவருக்கும் நடக்கிற சண்டைக்கு மூன்றாவது ஆள் தேவை.