புள்ளிப் பெருக்கலும் ஆரல்வாய்மொழிக் காற்றும்: உங்கள் அனுபவம் என்ன?

இரண்டு வெக்டர்களின் (நீளமும் திசையும் உள்ள அம்புகள்) புள்ளிப் பெருக்கல் மிகையா குறையா என்று பார்த்தே, இடையில் உள்ள கோணம் எந்த வகை என்று சொல்லிவிடலாம். இது உங்களுக்கு எப்படிப் புரிந்தது?

தோவாளையிலிருந்து:

பிளஸ் டூ தேர்வில் ஏ(5, 2), பி(1, 1), சி(2, 4) என்று மூன்று புள்ளிகளைத் தந்து, முக்கோணத்தில் பி-யில் உள்ள கோணம் எந்த வகை என்று கேட்டிருந்தார்கள். ஏபி (−4, −1), பிசி (1, 3). முதல் எண்களைத் தனியாக, இரண்டாம் எண்களைத் தனியாகப் பெருக்கிக் கூட்டினால் வருவதுதான் புள்ளிப் பெருக்கல்: −7. விரிகோணம் என்று எழுதிவிட்டேன். படம் வரைந்தால் பளிச்சென்று குறுங்கோணம்! எங்கே பிசகியது என்றே புரியவில்லை.

டியூஷன் சாரிடம் கேட்டேன். ஆடி மாதம், ஜன்னலைத் திறக்க முடியாத காற்று. “மக்களே, இங்க சைக்கிள்ல வரும்போ காத்து என்ன செய்யுது?” முதுகில் தள்ளும். “திரும்பிப் போகும்போ?” நெஞ்சில் அறையும்.

கிழக்கே வீசும் காற்றை (5, 0) என்றும் வடகிழக்கே வரும் சாலையை (3, 2) என்றும் வைத்தார். 5×3 + 0×2 = 15. மிகை எண், குறுங்கோணம், காற்று நம் பக்கம். திரும்பும்போது சாலை (−3, −2). விடை −15, விரிகோணம், எதிர்காற்று. நேர் வடக்கே திரும்பினால் (0, 2), விடை பூஜ்யம்: செங்கோணம். காற்று பக்கவாட்டில் மட்டும் அடிக்கும். புள்ளிப் பெருக்கல் என்பது இரண்டு நீளங்களையும் இடைக்கோணத்தின் கொசைனையும் பெருக்கியதுதான். நீளங்கள் எப்போதும் மிகை எண்கள் என்பதால், குறியைத் தீர்மானிப்பது கொசைன் மட்டுமே. கோணத்தை அளக்கவே வேண்டாம்.

“ரோடு ஒண்ணுதான், திசை மாறினா குறி மாறும், கேட்டியா?”

அப்போதுதான் உறைத்தது. இரண்டு அம்புகளும் பி-யிலிருந்தே புறப்பட வேண்டும். நான் ஒன்றை பி-யை நோக்கி வரவிட்டிருந்தேன். பிஏ (4, 1), பிசி (1, 3), விடை 7. இன்று நான் பாடம் எடுக்கும்போது முதலில் சொல்வது இதைத்தான். அப்புறம் இன்னொன்று: மிகை எண் வந்தாலும், ஒரு வெக்டர் மற்றதன் மடங்கா என்று பார்த்துவிடுங்கள். அப்படியானால் கோணம் 0°, குறுங்கோணம் இல்லை.

தக்கலையிலிருந்து:

எனக்கு இதைக் காட்டியவர் எங்கள் வீட்டு அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்ட வந்த கொத்தனார். மூலையிலிருந்து ஒரு கயிற்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடித்தார். 5 அடி வரவேண்டிய இடத்தில் 5 அடி 2 அங்குலம். “மூலை விரிஞ்சு கிடக்கு” என்றார். குறுக்களவின் வர்க்கம் என்பது 9 + 16-இலிருந்து புள்ளிப் பெருக்கலின் இருமடங்கைக் கழித்தது. கணக்குப் போட்டேன்: பெருக்கல் சுமார் −0.85, கோணம் ஏறக்குறைய 94°. அவர் கணக்கு எதுவும் போடவில்லை. முளையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, டேப்பில் சரியாக 5 வந்த பிறகுதான் கயிற்றை இறுக்கினார்.