ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனல்: பழைய கார் ஏசிக்கு வழி சொல்லுங்கள்

வேலூர் வெயில்:
வணக்கம். என்னுடையது 2008 மாடல் சிறிய பெட்ரோல் கார். பைபாசில் போகும்போது ஏசி ஓரளவு குளிர்கிறது. ஊருக்குள் வந்து சிக்னலில் நின்றால், கம்ப்ரசர் 'டக்'கென்று நின்று வெறும் காற்று வருகிறது. வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் மறுபடி குளிர். ஏசிக் கடையில் காட்டினேன். கேஸ் குறைவு என்று சொல்லி அடித்தார்கள்; மாற்றமில்லை. திரும்பப் போனபோது இன்னும் கொஞ்சம் அடித்தார்கள், முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போது கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், பதினெட்டாயிரம் ஆகும் என்கிறார்கள். இன்ஜின் சூட்டு முள் நடுவில்தான் நிற்கிறது. முன்னால் உள்ள இரண்டு ஃபேனும் சுற்றுகின்றன, நானே பார்த்தேன். கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரசருக்குப் பணம் கட்டலாமா?

மதுரை டாக்ஸி:
கேஸ் லீக்தான் தம்பி. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் கூலிங் காயிலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயது வண்டியில் அதுதான் முதலில் ஓட்டையாகும்.

பழைய ஸ்பேனர்:
அண்ணன் சொல்வது பல வண்டிகளுக்குப் பொருந்தும். ஆனால் கூலிங் காயிலை எடுக்கப் பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும். ஒருமுறை பிரித்த டேஷ்போர்டு பிறகு கடகடக்காமல் உட்காருவது அபூர்வம். அந்த வேலைக்குக் கடைசியாகப் போகலாம்.

கேஸ் குறைந்தாலும் சிக்னலில் குளிர் விட்டுப்போகும், மறுக்கவில்லை. அப்படியென்றால் அடித்ததும் கொஞ்சமாவது தேறியிருக்க வேண்டும். இவருக்குக் கூட்டக் கூட்டக் கெடுகிறது. தம்பி, வண்டியை நிறுத்தி, ஏசியைப் போட்டு, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டி, குறைந்த அழுத்தப் பக்கம் (நீலக் குழாய்), அதிக அழுத்தப் பக்கம் (சிவப்புக் குழாய்) இரண்டின் அளவையும் எழுதுங்கள். அளவு பார்க்காமல் கேஸ் அடிப்பவரிடம் மறுபடி போகாதீர்கள்.

வேலூர் வெயில்:
வேறு கடையில் பார்த்தேன் ஐயா. நீலக் குழாயில் 65 பி.எஸ்.ஐ. சிவப்பில் 340ஐத் தாண்டி ஏறியது, உடனே கம்ப்ரசர் நின்றுவிட்டது.

பழைய ஸ்பேனர்:
பதினெட்டாயிரத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த கம்ப்ரசர் என்றால் நீலப்பக்கம் ஏறும், சிவப்பு எழும்பவே எழும்பாது. உங்களுடையது 340 வரை அழுத்துகிறது; அதற்கு வலு இருக்கிறது. அழுத்தம் எல்லை மீறியதும் பிரஷர் ஸ்விட்ச் அதை நிறுத்துகிறது. அது பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு, பழுது அல்ல. ஆர்134ஏ கேஸ் உள்ள வண்டிக்கு நம் வெயிலில் நீலம் சுமார் 30 முதல் 45, சிவப்பு 200 முதல் 260 வரை இருந்தால் சரி.

இரண்டு பக்கமும் ஏறியிருந்தால் மூன்று சந்தேகம்: கேஸ் அதிகம், குழாய்க்குள் வெளிக்காற்று புகுந்திருக்கிறது, இல்லையென்றால் கண்டென்சரின் (கிரிலுக்குப் பின்னால், கேஸின் சூட்டை வெளியே விடும் பகுதி) சூட்டை வெளியேற்றக் காற்று போதவில்லை. ஐடிலில் வைத்தபடி கிரில் வழியாகக் கண்டென்சர்மீது தண்ணீரைத் தூறலாகத் தெளியுங்கள். சட்டை நுனி, துண்டு எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது.

வேலூர் வெயில்:
தண்ணீர் பட்டதும் சிவப்பு முள் 230க்கு இறங்கியது, உள்ளே நல்ல குளிர். நிறுத்தியதும் மறுபடி ஏறியது. கண்டென்சரில் மண் அடைப்பு இல்லை, கழுவித்தான் இருக்கிறது. கண்டென்சர் ஃபேன் மோட்டாரைப் பொங்கலுக்குப் பிறகு மாற்றினோம். புதிது என்பதால் வேகமாகவே சுற்றுகிறது.

கோவை எலெக்ட்ரீஷியன்:
மோட்டார் மாற்றியதை இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்தீர்களே! சுற்றுகிறதா என்று பார்த்தால் போதாது, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். இந்த ஃபேன் முன்பக்கக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். டி.சி. மோட்டாருக்குப் பிளஸ், மைனஸ் ஒயரை மாற்றிக் கொடுத்தால் அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் சுற்றி, இன்ஜின் சூட்டைக் கண்டென்சர்மீதே தள்ளும். பைபாசில் எதிர்க்காற்று அதைச் சமாளிக்கிறது; நின்றால் சமாளிக்க ஆளில்லை. ரேடியேட்டருக்குத் தனி ஃபேன் இருப்பதால் சூட்டு முள்ளும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு செய்தித்தாள் துண்டைக் கிரிலுக்கு முன்னால், அந்த ஃபேனுக்கு நேராகப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. பறந்தால் ஒயரைப் பாருங்கள்.

வேலூர் வெயில்:
ரேடியேட்டர் பக்கம் தாள் கிரிலில் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்டென்சர் ஃபேன் பக்கம் என் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது! பழைய கனெக்டர் புது மோட்டாருக்குச் சேராமல் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள்.

மதுரை டாக்ஸி:
நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இப்படியொரு கூத்தை என் வண்டிகளில் பார்த்ததில்லை.

பழைய ஸ்பேனர்:
ஒயரைச் சரிசெய்வதோடு விட்டுவிடாதீர்கள். இருமுறை கூடுதலாக அடித்த கேஸ் உள்ளேதான் இருக்கிறது. மெஷின் வைத்து முழுவதையும் எடுத்துவிட்டு, அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), எடைபோட்டு அடிக்கச் சொல்லுங்கள். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். கேஸோடு வெளியே வந்த கம்ப்ரசர் ஆயில் அளவுக்குப் புது ஆயில் விடுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

வேலூர் வெயில்:
எல்லாம் முடிந்தது. ஸ்டிக்கரில் 450 கிராம் என்று இருந்தது; உள்ளிருந்து 640 கிராம் வந்தது. இப்போது மதியம் ஒரு மணி வெயிலில் ஐடிலில் நீலம் 38, சிவப்பு 225. கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றபோதும் குளிர் விடவில்லை. இன்னொரு சின்னச் சந்தேகம்: ஏசி போட்டவுடன் ஈரத்துணி வாடை வருகிறது. அதற்கும் கேஸுக்கும் தொடர்பு உண்டா?

கோவை எலெக்ட்ரீஷியன்:
தொடர்பில்லை. கூலிங் காயிலில் தங்கும் ஈரம்தான். வீடு சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை மட்டும் நிறுத்திவிட்டு ப்ளோயரை ஓடவிடுங்கள். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும்; சொட்டாவிட்டால் வடிகுழாய் அடைத்திருக்கிறது, அதைக் குத்தி எடுக்கச் சொல்லுங்கள்.